பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் சதவீதம்

தமனி இரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதை, ஊசி குத்தாமல், விரலில் ஒளி பாய்ச்சிக் கணிக்கும் கருவி பல்ஸ் ஆக்சிமீட்டர். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பணியாற்றிய தக்குவோ அவோயாகி கண்டறிந்த நெறி இது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும். ஆக்சிஜனை இறக்கிவிட்டது 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும். தோலும் எலும்பும் சிரை இரத்தமும்கூட ஒளியை உறிஞ்சத்தான் செய்கின்றன. ஆனால் நாடித் துடிப்புக்கேற்பக் கூடிக் குறைவது பெரும்பாலும் தமனி இரத்தமே. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்ததில்தான் அவோயாகியின் மேதைமை வெளிப்படுகிறது.

இதற்கு முன்பு, மயக்க மருந்து கொடுக்கப்பட்டவரின் உதடும் நகமும் நீலம் பாரித்த பிறகே ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது. தமனியில் ஊசி குத்தி எடுக்கும் இரத்தமோ அந்த ஒரு நொடியின் நிலையை மட்டுமே சொல்லும். இடைவிடாமல் கண்காணிக்கும் இந்தக் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. கோவிட் காலத்தில், மூச்சுத்திணறலை உணராமலேயே ஆக்சிஜன் குறைந்துகொண்டிருந்த பலரை வீட்டிலேயே அடையாளம் காட்டியதும் இதுதான்.

சிக்கல், அந்த எண்ணை இரத்தக் குழாய்கள் சுமந்து செல்லும் ஆக்சிஜனின் அளவு என்று எடுத்துக்கொள்ளும்போது தொடங்குகிறது. கருவி காட்டுவது விகிதம் மட்டுமே. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் உள்ளவருக்கு அது ஏறக்குறைய 20 மில்லிலிட்டர், 7.5 கிராம் மட்டுமே உள்ளவருக்கு அதில் பாதி. இருவர் விரலிலும் கருவி 98 என்றே காட்டக்கூடும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. இந்தியாவில் கருவியின் இந்தக் குறையைச் சிறிதென்று ஒதுக்க முடியாது. இதயம் போதிய இரத்தத்தை வெளியேற்றாத நிலையிலும் இதே கதைதான்: சதவீதம் நன்றாக இருக்கும், திசுக்கள் தவிக்கும்.

கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் கருவி ஏமாந்தே போகிறது. பூட்டிய அறையில் கரியடுப்புப் புகையைச் சுவாசித்தவரின் ஹீமோகுளோபினில் அந்த வாயு ஒட்டிக்கொண்டிருக்கும். கருவி அதையும் ஆக்சிஜனாகவே கணக்கிட்டு இயல்பான எண்ணைக் காட்டும்.

தோல் நிறத்தைப் பொறுத்தும் கருவி பிழை செய்கிறது; அந்தப் பிழை நீதி சார்ந்ததும்கூட. 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய தருணங்களைத் தமனி இரத்தப் பரிசோதனையுடன் ஒப்பிட்டது. உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது கருப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். கருவி உயர்த்திக் காட்டும் சில புள்ளிகளால் ஒருவருக்கு உரிய ஆக்சிஜன் சிகிச்சை தள்ளிப்போகும். ஆகவே கருவிகளைத் தரப்படுத்தும்போதே எல்லா நிறத்தவரையும் போதிய எண்ணிக்கையில் சேர்ப்பது உற்பத்தியாளரின் கடமை.

குளிர்ந்த விரல், அடர்ந்த நகப்பூச்சு, கை நடுக்கம் ஆகியவையும் அளவைக் குலைக்கும். இவற்றைச் சரிசெய்வது எளிது. ஆக்சிஜன் முகமூடி அணிந்த நோயாளியிடம் கூடுதல் கவனம் வேண்டும். அவருடைய சுவாசம் மந்தமாகிக் கரியமில வாயு இரத்தத்தில் தேங்கினாலும் சதவீதம் வெகுநேரம் இறங்காது. மூச்சு எண்ணிக்கையையும் விழிப்பு நிலையையும் நேரில் பார்த்தே அதை அறிய வேண்டியிருக்கிறது.