நாவில் தொடங்க வேண்டிய நாடகம்

நாடகம் கண்ணுக்குரியதா, செவிக்குரியதா என்னும் வினா பழையது. பழம்பெரும் நாடகங்களைக் கணினியின் துணைகொண்டும் அரங்கின் துணைகொண்டும் கற்பிக்க முயலும் இந்நாளில் அவ்வினா புதிய வடிவில் நம்முன் நிற்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வகுப்பறைகளை மனத்திற்கொண்டு, பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தை முன்வைத்து இதனைச் சிந்திக்க விழைகிறோம்.

1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் கொண்ட செய்யுள் நாடகமாகும். லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்னும் ஆங்கிலக் கதைப்பாடலைத் தழுவியது. அமைச்சன் குடிலனின் சொற்கேட்டு, பாண்டியன் சீவகன் மதுரையை விட்டு நெல்லையில் புதுக்கோட்டை கட்டிக் குடியேறுகிறான். குருவாகிய சுந்தர முனிவரோ எவரும் அறியாதபடி ஒரு சுரங்கவழியை அமைக்கிறார். முகத்துதியில் மயங்கும் ஆட்சியாளன் தன்னையும் தன் நாட்டையும் எங்ஙனம் இடருக்கு உள்ளாக்குகிறான் என்பதே இந்நாடகத்தின் உயிர்நாடி எனலாம்.

இலக்கிய வரலாற்றார் இதனை நடிப்பதற்கன்றிப் படிப்பதற்குரிய நாடகம் என வகைப்படுத்தினர். அரபு இலக்கியத்திலும் இத்தகைய வழக்கு எழுந்ததுண்டு. குர்ஆன் கூறும் குகைவாசிகளின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு தவ்ஃபீக் அல்-ஹகீம் 1933-இல் வெளியிட்ட ‘அஹ்லுல் கஹ்ஃபு’, 1935-இல் எகிப்தின் தேசிய நாடகக் குழுவினால் மேடையேறியது. ஆயினும், தம் நாடகங்கள் மனத்தின் அரங்கில் நிகழ்பவை என்றே அவர் பின்னர் விளக்கினார். ‘படிப்பதற்குரியது’ என்பது இகழ்ச்சியன்று என்பதற்கு இதுவே சான்றாகும்.

ஆனால் நம் வகுப்பறைகளில் அச்சொல்லின் பொருள் சுருங்கிவிட்டது. படித்தல் என்பது வாய்விட்டுப் படித்தலாக இல்லாமல், குறிப்பேட்டை மனப்பாடம் செய்தலாக மாறியது. குடிலனின் பண்புநலன்களைத் தொகுத்துரைக்க என்னும் வினாவுக்கு விடை எழுதத் தெரிந்த மாணவர், குடிலன் பேசும் ஓர் அடியையேனும் ஓசை பிறழாமல் சொல்ல இயலாதவராக இருப்பது அரிதன்று. நூலின் பெரும்பகுதி ஆசிரியப்பாவால் ஆனது. அகவலோசை செவியில் விழாதவருக்கு அந்நாடகம் பாதியே கிட்டியது என்க.

இக்குறையைக் கணினி நீக்கும் என நம்புவோர் பலர். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனமும் பழந்தமிழ் நூல்களைச் சிற்றூர் மாணவரின் கைப்பேசிக்கே கொண்டு சேர்த்துள்ளன. பெருநகர நூலகத்தை எட்ட முடியாதவருக்கு இது பெரும்பேறே. ஒரு சொல் எங்கெங்கு வருகிறது, எவர் வாயில் வருகிறது என்று நொடியில் தேடவும் முடிகிறது. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

நம் தயக்கம் ஒளிக்காட்சியைப் பற்றியது. மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1942-இலேயே இக்கதையை ‘மனோன்மணி’ என்னும் திரைப்படமாக்கியது. திரை முதலில் வந்தால், நடிகரின் முகமே சீவகனின் முகமாகிவிடுகிறது. குடிலனின் இன்சொல்லில் நஞ்சு எங்கே தொடங்குகிறது என்பதை இயக்குநரே முடிவு செய்துவிடுகிறார். மாணவர் தீர்ப்புக் கூறும் வாய்ப்பை இழக்கிறார். முகத்துதியை இனங்காணக் கற்பிக்கும் நாடகத்தைப் படித்தும் அதனை இனங்காணப் பழகாமற் போவது சிறிய இழப்பன்று.

ஒலிப்பதிவை எங்கு வைப்பது என்பதில் நம் மதரஸாக்களின் மரபு வழிகாட்டும். எகிப்தின் ஷைகு மஹ்மூது கலீல் அல்-ஹுஸரீ ஓதிய முழுக் குர்ஆன் ஒலிப்பதிவு 1961-இல் வெளிவந்தது. அது உலகெங்கும் பரவிய பின்னரும், உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதிக்காட்டித் திருத்தம் பெறும் முறை கைவிடப்படவில்லை. இறைமறையையும் மனிதர் இயற்றிய நாடகத்தையும் ஒப்பிடுவது நம் நோக்கமன்று. கற்பிக்கும் முறையை மட்டுமே சுட்டுகிறோம். பதிவு துணையாக நிற்கும். நாவைப் பழக்குபவர் ஆசிரியரே.

எனவே முதலில் குரல், பின்னர் அரங்கு, இறுதியில் திரை என்னும் வரிசையை நாம் பரிந்துரைக்கிறோம். ஒரு களத்தை மாணவர் பகிர்ந்து உரக்கப் படிக்கட்டும். கைப்பேசியில் பதிந்து தம் குரலைத் தாமே கேட்கட்டும். இருவர் ஒரே பகுதியை இருவிதமாகப் பேசி, எது பொருந்தும் என வாதிடட்டும். அதன் பின்னர்த் திரைப்படத்தைக் கண்டால், அவர்கள் வெறும் பார்வையாளராக இல்லாமல் திறனாய்வாளராகக் காண்பர்.

இவ்விரு மாவட்டங்களுக்கு இந்நாடகம் அயலானதுமன்று. பெரம்பலூருக்கு வடக்கே நவாபு காலத்து ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751-இல் சந்தா சாகிபுக்கும் முகம்மது அலிக்கும் இடையிலான போட்டியில் வாலிகண்டபுர வட்டாரம் போர்க்களமாயிற்று. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரமோ, தஞ்சையை விட்டு முதலாம் இராசேந்திரன் அமைத்த தலைநகர். மாளிகைமேட்டின் செங்கற் சுவர்களைக் கண்ட மாணவரிடம், வெற்றியின் உச்சியில் தலைநகரை மாற்றிய மன்னனுக்கும் அமைச்சனின் புகழுரையில் மயங்கி மாற்றிய சீவகனுக்கும் உள்ள வேற்றுமையைக் கேட்டுப் பாருங்கள். பாடநூல் தராத விடைகள் பிறக்கும்.

நேரமில்லை என்பார் உளர். இருபது களங்களும் வேண்டியதில்லை, ஒன்று போதும். நடிப்பு நமக்கு உகந்ததா என நம் சமுதாயத்தில் ஐயுறுவாரும் உளர். அலிபாதுஷா நாடகமும் அப்பாசு நாடகமும் தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் இடம்பெற்றவை என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். வேடமும் ஒப்பனையும் இன்றி, அமர்ந்த இடத்திலிருந்தே பாத்திரங்களுக்குக் குரல் கொடுக்கும் வாசிப்பு அரங்கு எவர்க்கும் இயலும். நம் பெண்மக்களுக்கும் இயலும்.

இறுதியாக ஒன்று. தேர்வு எதனை மதிக்கிறதோ அதனையே வகுப்பறை வளர்க்கும். குரலுக்கும் ஒரு பங்கு மதிப்பெண் ஒதுக்கப்படாதவரை, எத்தனை கணினிகள் வந்தாலும் மனோன்மணீயம் குறிப்பேட்டிலேயே உறங்கும். பாடத்திட்டம் வகுப்போர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுமென்பதே நம் வேண்டுகோள்.