பார் தேடும் ஒலி

சிவகாசி வட்டாரத்தில் இரவில் தூரத்தே ஒரு வாணம் மேலே போய் வெடித்தால், ஆமத்தூர் மொட்டைமாடியில் நிற்பவருக்கு முதலில் வெளிச்சம் தெரியும். ஓசை பிறகுதான் வரும். இடையில் மூன்று விநாடி போனால் ஒரு கிலோமீட்டர், ஆறு விநாடி போனால் இரண்டு. வெடியோடு வாழும் மண்ணில் இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கணக்கைத் தண்ணீருக்குள் இறக்கிவைத்தால் கிடைப்பதுதான் மீனவர்கள் ‘எக்கோ சவுண்டர்’ என்று சொல்லும் கருவி. காற்றில் விநாடிக்கு 350 மீட்டர் அளவில் ஓடும் ஒலி, மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான உப்புநீரில் ஏறக்குறைய 1,540 மீட்டர் ஓடுகிறது. படகின் அடியிலிருந்து ஒரு சொடுக்கு கீழே போகிறது, தரையில் பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தில் பாதியை எடுத்து வேகத்தால் பெருக்கினால் ஆழம் கிடைத்துவிடும். 20 மீட்டர் ஆழத்துக்கு ஒலி போய்வர, ஒரு விநாடியில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு போதும்.

சிவகாசியும் ஆமத்தூரும் இருக்கும் விருதுநகர் மாவட்டம் கடல் பார்க்காத மாவட்டம்தான். ஆனால் அதன் மழைக்குக் கடல் தெரியும். அர்ச்சுனா நதி ஆனைக்குட்டம் அணையைத் தாண்டி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்ந்து, தூத்துக்குடி மாவட்டத்தைக் கடந்து மன்னார் வளைகுடாவில் விழுகிறது. அந்த வளைகுடாவின் அடியில்தான் எக்கோ சவுண்டரின் முழு ருசியும் இருக்கிறது. காரணம், அங்கே பார்கள் இருக்கின்றன.

பார் என்றால் கடலடியில் மேடிட்டுக் கிடக்கும் கல்தரை. சுற்றிலும் மணலும் சேறும் பரந்து கிடக்க, நடுவே ஒரு பார் எழுந்திருக்கும். அதன் இடுக்குகளில் சிப்பியும் பாசியும் பிடிக்கும். அவற்றைத் தின்னச் சிறுமீன் வரும். சிறுமீனைத் தேடிக் கலவாவும் விளமீனும் பாரையும் வரும். தூத்துக்குடிக் கடலில் பழங்காலம் முதல் முத்துக்குளித்தது இந்தப் பார்களில்தான். வெறும் மணல்தரையில் நாள் முழுக்கத் தூண்டில் போட்டாலும் கிடைக்காதது, பாரின் ஓரத்தில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கலாம். ஆகவே மீன் தேடுவது என்பது பெரும்பாலும் தரை தேடுவதுதான். மீன் ஓடும், பார் ஓடாது.

கருவி வருமுன்னே இந்தத் தேடல் முதிர்ந்த வித்தையாகவே இருந்தது. கயிற்றில் கனமான குண்டைக் கட்டி இறக்கி, இரு கைகளையும் விரித்த அளவை ஒரு பாகமாகக் கொண்டு ஆழத்தை எண்ணினார்கள். ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. குண்டு தரை தொடும்போது கயிற்றில் வரும் அதிர்வைக் கை வாசித்தது: பொத்தென்று அமுங்கினால் சேறு, சரசரத்தால் மணல், டக்கென்று தட்டினால் கல். பார் அகப்பட்டதும் கரையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கோபுரமும் அதன் பின்னால் ஒரு பனைக்கூட்டமும் ஒரே கோட்டில் வருவதை ஓர் அடையாளமாகவும், வேறொரு திசையில் இன்னொரு சோடியை மற்றோர் அடையாளமாகவும் மனதில் எழுதிக்கொண்டார்கள். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பார். திருச்செந்தூர் ராஜகோபுரமும் மணப்பாட்டு மணற்குன்றின்மேல் நிற்கும் சிலுவைக் கோயிலும் கடலிலிருந்து பார்ப்பவனுக்குத் திசை சொல்லும் எழுத்துகள்.

தண்ணீருக்குள் காது வைக்கும் பழக்கமும் தமிழர்க்குப் புதிதல்ல. மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தருகே, நிலவு இரவில் துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து ‘மீன் பாடுவதை’ மக்கள் கேட்டிருக்கிறார்கள். அங்கே நீர் தானாகப் பேசுகிறது, மனிதன் கேட்கிறான். எக்கோ சவுண்டர் தானே ஒரு கேள்வியைக் கீழே அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்ள உலகத்துக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று கியூரி சகோதரர்கள் கண்டது 1880-இல். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும். இந்த இருவழிக் குணத்தைக் கொண்டு, முதல் உலகப்போரின்போது நீர்மூழ்கிகளைத் தேடப் பால் லான்ஜெவன் குவார்ட்ஸ் கருவியைச் செய்தார். போருக்குப் பிறகு கப்பல்கள் ஆழம் பார்க்க அது பயன்பட்டது. தரைக்கு மேலே சில கோடுகள் வருவதைக் கவனித்தவர்கள், அது மீன்தானோ என்று யோசித்தார்கள். நார்வேயின் ஆஸ்கர் சுண்ட், லோஃபோட்டன் தீவுகளருகே காட் மீன்கூட்டத்தின் எதிரொலிப் பதிவை 1935-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். ஜப்பானின் நாகசாகிப் பகுதியில் மீன்பிடி படகுகளுக்கு மின்வேலை செய்துவந்த ஃபுருனோ சகோதரர்கள், நீரில் குமிழ் கிளம்பினால் கீழே மீன் இருக்கும் என்று படகோட்டி ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மீனவர் கைக்கு வரக்கூடிய மீன் தேடும் கருவியை 1948-இல் உருவாக்கினார்கள். நம் பக்கம் இந்தத் தொழில்நுட்பத்தின் ஆரம்பக்காலக் கதையில் இந்தோ-நார்வே திட்டத்துக்கு இடமுண்டு. 1952-இல் கையெழுத்தாகி, கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய திட்டம் அது. அதன் ஆய்வுக் கப்பல்களில் ஒன்றுக்குக் ‘கலவா’ என்றே பெயர், பாரில் வாழும் மீனின் பெயர்.

இன்று வள்ளத்திலும் விசைப்படகிலும் இருப்பது கையகலத் திரை. அதைப் பார்த்ததும் புதியவர் செய்யும் முதல் பிழை, அதைக் கடலுக்கடியின் புகைப்படம் என்று நினைப்பது. திரையின் வலது ஓரம் மட்டுமே இந்தக் கணம். அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் கடந்துபோன நேரம். படகு நின்ற இடத்திலேயே நின்றால், கீழே ஒரே கல் கிடந்தாலும் திரையில் அது நீண்ட தளமாக ஓடும். வேகமாகப் போனால் பெரிய மேடும் ஊசியாகச் சுருங்கும். ஆகவே தேர்ந்த கண், படகின் வேகத்தையும் நீரோட்டத்தையும் சேர்த்தே திரையைப் படிக்கிறது. கருவி சொல்வது இரண்டே செய்தி: ஒலி எப்போது திரும்பியது, எவ்வளவு பலமாகத் திரும்பியது. மற்றதெல்லாம் படிப்பவரின் வித்தை.

தரையைப் படிப்பதில்தான் அந்த வித்தையின் நயம் முதலில் தெரியும். சேறு ஒலியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அங்கே தரைக்கோடு மங்கலாக வரும். கல் ஒலியைப் பலமாகத் திருப்பும். கோடு தடித்துச் சிவக்கும். கல் நல்ல கெட்டி என்றால் இன்னோர் அதிசயம்: திரும்பிய ஒலி நீர்ப்பரப்பில் மோதி மறுபடி கீழே போய் மறுபடி வரும். அதனால் திரையில் சரியாக இருமடங்கு ஆழத்தில் இரண்டாவது தரை ஒன்று தோன்றும். பன்னிரண்டு பாகத்தில் தரையும் இருபத்துநான்கு பாகத்தில் அதன் நிழலும் தெரிந்தால், படகு பாரின்மேல் வந்துவிட்டது என்று பொருள். அன்று கயிற்றைப் பிடித்த உள்ளங்கை உணர்ந்த அதே ‘டக்’, இங்கே கண்ணுக்கு வருகிறது.

ஒலி கீழே போகும்போது கூம்பாக விரியும் என்பதை மறக்கக்கூடாது. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒடுங்கிய கூம்பு. நுணுக்கமாகக் காட்டும், ஆனால் அதிக ஆழம் போகாது. 50 கிலோஹெர்ட்ஸ் அகன்ற கூம்பு. ஆழம் போகும், நுணுக்கம் குறையும். 20 பாகைக் கூம்பு என்றால் 20 மீட்டர் ஆழத்தில் அது தொடும் தரை ஏழு மீட்டர் அகலம். அந்த வட்டத்துக்குள் மேடும் பள்ளமும் இருந்தால், முதலில் பதில் சொல்வது மேடுதான். பள்ளத்துச் சரிவில் ஒட்டி நிற்கும் கலவா அந்தப் பதிலுக்குள் மறைந்துபோகும். அதனால் பாரின்மேல் ஒருமுறை ஓடிவிட்டு முடிவு செய்யாமல், குறுக்காக இன்னொருமுறை ஓடிப் பார்ப்பவர்தான் பாரின் உருவத்தை மனதில் முழுசாகக் கட்டுகிறார்.

இனி மீன். கூம்புக்குள் மீன் நுழையும்போது அது விளிம்பில் இருக்கும், தூரம் சற்று அதிகம். நடுவுக்கு வரும்போது தூரம் குறையும். வெளியேறும்போது மறுபடி அதிகமாகும். இந்த ஏற்ற இறக்கம்தான் திரையில் வில்லாக வளைகிறது. வில்லின் நீளத்தை வைத்து மீனின் நீளத்தைச் சொல்ல முடியாது. அதன் தடிமனும் நிறமும் ஓரளவு துப்புத் தரும். ஒலியை அதிகம் திருப்புவது சதையோ எலும்போ அல்ல, மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. தூத்துக்குடிக்காரர் சீலா என்று அழைக்கும் வஞ்சிரத்துக்கும், சூரை இனங்கள் சிலவற்றுக்கும், சுறாவுக்கும் காற்றுப்பை இல்லை. விலைபோகும் பெரிய வஞ்சிரம் திரையில் மங்கிய கீறலாக வரும். மலிவான சாளைக் கூட்டமோ சிவந்த மேகமாகத் திரையை நிரப்பும். அந்த மங்கிய கீறலை மதிக்கத் தெரிந்தவரே நல்ல வாசகர். பரந்த தரைக்கு மேலே மேகம் திரண்டிருந்து அதன் அடியில் சில மெல்லிய கீறல்கள் தெரிந்தால், சாளையை விரட்டி வந்த வேட்டை மீன் அவை என்று அவர் ஊகிக்கிறார்.

ஊகம் என்ற சொல் இங்கே குறையல்ல. கருவி எந்த மீனுக்கும் பெயர் சொல்லாது. எந்தத் தரை, எந்த ஆழம், விடியலா உச்சியா, எந்த மாதம், நீர் எந்தப் பக்கம் வலிக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும். மீன் வடிவப் படங்களைத் தானே போட்டுக் காட்டும் வசதி பல கருவிகளில் உண்டு. அனுபவம் உள்ளவர்கள் அதை அணைத்துவிட்டு, எதிரொலியை அப்படியே பார்க்க விரும்புகிறார்கள். கெயின் என்ற திருகிலும் அவர்கள் கை நிதானமாகவே இருக்கும். குறைத்தால் சிறுமீன் காணாமல் போகும், கூட்டினால் திரை முழுக்கத் தூசி. தண்ணீரின் நடுவே லேசாகத் தூசி தெரியும்வரை கூட்டி, அங்கிருந்து கொஞ்சம் இறக்குவதில் ஒரு வீணைக்காரர் தந்தி கூட்டும் கவனம் இருக்கிறது.

பெரிய ஏமாற்றமும் பெரிய வியப்பும் ஆழ்கடலில் காத்திருக்கின்றன. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ஆய்வாளர்கள் சில நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு ‘தரை’யைக் கண்டார்கள். வரைபடத்திலோ அங்கே ஆழம் பல மடங்கு. அந்தத் தரை மாலையில் மேலே ஏறியது, விடியலில் கீழே இறங்கியது. கூனிறால் இனங்களும் சிறு ஆழ்கடல் மீன்களும் கோடிக்கணக்கில் சேர்ந்த உயிருள்ள அடுக்கு அது. இந்தியக் கடலிலும் 1984 முதல் பணிபுரிந்த சாகர் சம்பதா ஆய்வுக் கப்பல் இந்த அடுக்கை ஆராய்ந்திருக்கிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் சூரையும் சுறாவும் தேடி நெடுந்தூரம் போகும் நீலக்கடலில், ஒவ்வொரு சாயங்காலமும் இந்த அடுக்கு மேலே எழும்புகிறது.

ஒலியால் தரை தேடும் கலை மீனோடு நிற்கவில்லை. ஒலியைப் பக்கவாட்டில் வீசித் தரையின் நிழலோவியத்தையே வரையும் கருவியைத் தேசியக் கடலியல் நிறுவனம் பூம்புகார்க் கடலில் பயன்படுத்தியது. கரையிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைலாட வடிவ அமைப்பு ஒன்று 1991-இல் தெரியவந்தது. முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தபோது அந்த அமைப்பைச் சுற்றி மீன்கள் இருந்தன.

ஆமத்தூர்க்காரர் இந்தக் கலையைப் பழக வைப்பாற்று முகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அணைநீரிலும் பாருக்குச் சமமான இடங்கள் உண்டு: மூழ்கிப்போன பழைய ஆற்றுத்தடம், கரையின் கல்வரிசை, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல முள். கரையிலிருந்து தூண்டில் நரம்பில் கட்டி வீசக்கூடிய பந்துவடிவக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. அவை காட்டும் படம் கைப்பேசியில் வரும். சமதரையில் திடீரென்று ஒரு மீட்டர் இறங்கும் விளிம்பு தெரிந்தால், வெயில் நேரத்துக் கட்லாவையும் ரோகுவையும் அங்கே தேடலாம். நன்னீரில் ஒலி சற்று மெதுவாக, விநாடிக்கு 1,500 மீட்டர் அளவில்தான் ஓடும், வித்தை ஒன்றேதான்.

இந்தக் கருவி கொண்டுவந்த மாற்றம் முழுக்க இனிப்பானதல்ல. முன்பு ஒரு பாரை அறிந்தவர் ஒரு குடும்பம் அல்லது ஒரு ஊர். கரை அடையாளம் தெரியாத படகு அதைத் தாண்டியே போய்விடும். இன்று எக்கோ சவுண்டர் கண்டதை ஜிபிஎஸ் எண்ணாகச் சேமித்துவைக்கிறது. எண் கிடைத்த யாரும் இருட்டிலும் அங்கே வந்துவிடலாம். தூண்டிலோடு வருபவரால் பாருக்குப் பெரிய சேதமில்லை. மடிவலையைத் தரையோடு இழுத்து வருபவரால் பார் உடைகிறது, உடைந்த பார் திரும்ப வளர வெகுகாலம் ஆகும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால் மீன் குஞ்சுக்கு ஓய்வு கிடைக்கிறது. கல்லுக்கு ஓய்வு தர, கருவி வைத்திருப்பவரின் மனசு வேண்டும். பார் தெரிந்ததும் வலையைச் சுருட்டி ஒதுங்கிப் போவதற்கும் இதே திரை உதவும். அப்படிப் பயன்படும்போதுதான் அது முழுமையான கருவி.

மறுபக்கம், புதிய பார்களும் முளைக்கின்றன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலில் தமிழகக் கரையோரம் பல இடங்களில் கான்கிரீட் அமைப்புகள் கடலில் இறக்கப்பட்டுள்ளன. மன்னார் வளைகுடாவில் மண்ணரிப்பால் சுருங்கிவந்த வான் தீவைக் காக்கவும் அதைச் சுற்றி 2015 முதல் இத்தகைய செயற்கைப் பார்கள் வைக்கப்பட்டன. சமதரையாக ஓடிக்கொண்டிருந்த திரையில் இந்த அமைப்புகள் கூர்கூராக எழும்புகின்றன. இறக்கிய புதிதில் வெறும் கல்லின் பதில் மட்டும். பாசி பிடித்து, சிறுமீன் குடியேறியபின் அந்தக் கூர்களின்மேல் மெல்லிய புகை படிகிறது. பிறகு புகையின் ஓரத்தில் ஒன்றிரண்டு தனி விற்கள். தான் தூண்டில் போடும் செயற்கைப் பார்மேல் ஆண்டுக்கு ஆண்டு அதே மாதத்தில், அதே வேகத்தில் ஓடி இந்த வேறுபாட்டைக் குறித்துவைக்கும் மீனவர், ஆய்வாளருக்கு வேண்டிய கணக்கையும் தன் தொழிலோடு சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறார்.