பிடரியைப் பார்க்காமல் நடும் முடி

"ஆண்கள் முடி நட்டுக்கொள்ளலாம், பெண்கள் மட்டும் சவுரி வைத்தே காலம் தள்ள வேண்டுமா?" பெண்களுக்கான முடி நடும் சிகிச்சையைப் பரப்புகிறவர்கள் இப்போது கையில் எடுத்திருக்கும் கேள்வி இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடலின் இயல்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிற ஓர் இடத்தை உரிமைப் பேச்சால் மூடிவிடப் பார்க்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

பலன் இருக்கும் இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தீக்காயத் தழும்பு, விபத்தில் போன புருவம், பிறவியிலேயே ஏறிய நெற்றி இவற்றுக்கெல்லாம் நல்ல மருத்துவர் கையில் இது அருமையான சிகிச்சை. வருடக்கணக்கில் இறுக்கிப் பின்னியோ, கனத்த ஜடை கட்டி ஆடியோ நெற்றிப்பொட்டோரம் முடி இழந்தவர்களுக்கும் நடலாம். இழுப்பதை நிறுத்தியிருக்க வேண்டும், உதிர்வதும் நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். அகன்றுபோன வகிட்டில் கறுப்புப் பொடி தூவிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகும் பெண்ணின் வேதனையை அற்பம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தச் சிகிச்சையின் அஸ்திவாரம் ஆண் தலையில் போடப்பட்டது. நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் 1952-இல் செய்து பார்த்து 1959-இல் எழுதிவைத்த கொள்கை இதுதான்: பெயர்த்து நட்ட முடி, பிறந்த இடத்தின் குணத்தோடுதான் வாழும். முழு வழுக்கை விழுந்த ஆணுக்கும் பிடரியிலும் காதோரத்திலும் குதிரைலாடம் போல முடி மிஞ்சுகிறது. உச்சியைக் காலி செய்த ஆண் ஹார்மோனுக்கு அந்த முடி மசிவதில்லை. அங்கிருந்து எடுத்து முன்னே வைத்தால் நிலைக்கிறது. மொத்தத் தொழிலும் அந்தக் குதிரைலாடத்தை நம்பி நடக்கிறது.

பெண்ணுக்கு உதிரும் விதம் வேறு. மருத்துவர் லுட்விக் 1977-இல் மூன்று படிகளாக வகுத்துக் காட்டியதுபோல, நெற்றிக்கோடு அப்படியே இருக்க, உச்சி பரவலாக மெலிகிறது. பலருக்கு அந்த மெலிவு உச்சியோடு நிற்காமல் பக்கங்களிலும் பிடரியிலும் இறங்குகிறது. மயிர்க்கால் சாவதில்லை, சுருங்குகிறது. தடித்த முடி முளைத்த இடத்தில் பூனைமுடி முளைக்கிறது. சுருங்கத் தொடங்கிவிட்ட மயிர்க்காலைப் பெயர்த்து உச்சியில் நட்டால், ஓரன்ட்ரைக்கின் அதே விதி எதிராகத் திரும்புகிறது. பிறந்த இடத்தின் குணத்தோடு சேர்ந்து அதன் நோயும் வருகிறது. நாளடைவில் நட்டதும் மெலியும், எடுத்த இடமும் வெளியே தெரியும். எடுத்த மயிர்க்கால் பிடரியில் மறுபடி முளைக்காது. வட்டிக்கு வாங்கி வட்டிக்கு விடுவதுபோல இது. கடைசியில் இரண்டு பக்கமும் நட்டம்.

பெண்ணின் உச்சி கட்டாந்தரையும் இல்லை. அங்கே இன்னும் முடி நிற்கிறது. அதற்கு நடுவே நூற்றுக்கணக்கில் கீறும்போது பக்கத்து முடிகளும் அதிர்ச்சியில் உதிரும். வலுவானவை திரும்பி வரும். ஏற்கெனவே சுருங்கியவை வராமலே போகலாம். மிச்சத்தைக் காப்பாற்ற, நட்ட பிறகும் மினாக்சிடில் மருந்தைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். 'ஒரே முறை, நிரந்தரத் தீர்வு' என்னும் விளம்பர வாசகம் அங்கேயே பொய்த்துப்போகிறது.

இதைவிட எனக்குக் கோபம் வருவது, ஏன் கொட்டுகிறது என்று கேட்காமலே நாள் குறிப்பதில். பிரசவம், டெங்கு, டைபாய்டு, பட்டினி டயட் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாக வரும். காரணம் விலகினால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் அடங்கி, மறுபடி வளரும். நட்டதன் பலன் முழுதாகத் தெரிய ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். அதற்குள் உடம்பு தானே திருப்பித் தந்த முடியும் கிளினிக்கின் 'முன்–பின்' படத்தில் சேர்ந்துவிடுகிறது. என் தங்கை இரண்டாம் பிரசவம் முடிந்த நான்காம் மாதம் ஓர் இடத்துக்குப் போனாள். பத்து நிமிடத்தில் 'இரண்டாயிரம் கிராஃப்ட்' (பெயர்த்து நட வேண்டிய மயிர்க்கால் கொத்துகள்) என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இப்படிப்பட்ட மாநிலத்தில் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்காமல், தைராய்டு பார்க்காமல், மாதவிலக்கு பற்றிக் கேட்காமல் கிராஃப்ட் கணக்குப் பேசுவதை மருத்துவம் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் பார்க்காவிட்டால் தவறவிடக்கூடியது இன்னொன்றும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களிடம் நெற்றிக்கோடு பின்வாங்கும் ஒரு நோயை ஆஸ்திரேலிய மருத்துவர் கொஸார்ட் 1994-இல் விவரித்தார். அது அழற்சியால் மயிர்க்காலையே தழும்பாக்கிவிடும் நோய். மேலோட்டமாகப் பார்த்தால் 'நெற்றி ஏறியிருக்கு' என்றுதான் தோன்றும். அது அடங்குவதற்குள் நட்டால், நட்டதையும் தின்றுவிடும்.

2016-இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் முடி நட்டுக்கொண்டதைத் தொடர்ந்து இறந்தார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டது. தேவையானதுதான். ஆனால் நம் விவாதம் இன்னும் கத்தி பிடிப்பவரின் தகுதியைச் சுற்றியே நிற்கிறது. தேர்ந்த கை நட்டாலும், சுருங்குகிற மயிர்க்கால் சுருங்கத்தான் செய்யும்.

இதைப் படிக்கும் பெண்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நடுவது என்று முடிவெடுத்தால், உச்சியைப் பார்ப்பதற்கு முன் பிடரி முடியும் மெலிகிறதா என்று உருப்பெருக்கிக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரையில் தெரிவதை உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.