பெர்சிவலின் அறிக்கையில் குடிமக்கள்

1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியப் படை சரிம்பூன் கரையில் இறங்கியது. பிப்ரவரி 15 மாலை புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் தளபதி பெர்சிவல் சரணடைந்தார். அப்போர் குறித்து அவர் எழுதிய அறிக்கை 1948ஆம் ஆண்டு இலண்டன் அரசிதழில் வெளியாயிற்று. படைநகர்வுகளை அது விரித்துரைக்கின்றது. ஏதிலிகளோடு சேர்ந்து ஏறத்தாழப் பத்து இலட்சமாகப் பெருகிய நகர மக்கள் அதில் எவ்வாறு இடம்பெறுகின்றனர் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

அறிக்கையில் மக்கள் பெரும்பாலும் இரு வடிவங்களில் தோன்றுகின்றனர்: தேவையான பொழுது கிட்டாத உழைப்பாளராக, தண்ணீர் தீரும் நிலையில் பாதுகாக்கப்பட வேண்டிய தொகையாக. உழைப்பாளர் கிட்டாமைக்குக் குண்டுவீச்சினால் விளைந்த அச்சம் ஒரு காரணம். படைத்துறை வழங்க முன்வந்த குறைந்த கூலி மற்றொன்று. துறைமுகத்திலும் நகராட்சியிலும் பணிபுரிந்தோருள் தமிழர் பெருந்தொகையினர். குண்டு விழும் இடத்தில் குறைகூலிக்கு மண் வெட்ட வராதவனைப் பற்றாக்குறை என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்குவது நேர்மையாகாது.

வடகரையில் அரண் அமைக்க வேண்டுமெனத் தலைமைப் பொறியாளர் சிம்சன் வற்புறுத்தினார். அரண்களைக் கண்டால் படையினரும் மக்களும் மனந்தளர்வர் எனப் பெர்சிவல் மறுத்தார் என்பது சிம்சன் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் கூற்று. பெர்சிவல் 1966ஆம் ஆண்டிலேயே மறைந்தமையால் அதற்கு மறுமொழி கூற அவர் இல்லை என்பதையும் கருதுதல் வேண்டும். ஆயினும், 1941 டிசம்பரில் ஐரோப்பியரை மட்டும் பினாங்கிலிருந்து இரகசியமாக வெளியேற்றிய செய்தி பரவிய பின்னர், மக்களின் மனவுறுதி அரண் கண்டா குலைந்திருக்கும்?

இறுதி வரை போரிடுக, மக்களைக் காக்கும் எண்ணம் வேண்டா என்பது பிப்ரவரி 10ஆம் நாள் சர்ச்சில் விடுத்த ஆணையின் சாரம். குழாய்கள் உடைந்து தண்ணீர் வீணாகிய நிலையில் அவ்வாணையைப் பெர்சிவல் முற்ற நிறைவேற்றவில்லை. வரலாற்றாசிரியர் பலர் இழுக்கெனக் கருதும் அச்சரணடைவே அவர் செய்தவற்றுள் மக்களுக்கு மிகவும் உதவியது என்பது என் கருத்து. அவரது பிழை அதற்கு முந்திய மாதங்களில் உள்ளது. சரணடைவுக்குப் பின் நிகழ்ந்த சூக் சிங் படுகொலையைக் கொண்டு இம்முடிவை மறுப்போர் உளர். போர் நீடித்திருப்பின் அப்படுகொலை தவிர்ந்திருக்கும் என்பதற்கு அவர்கள் சான்று காட்டுவதில்லை.

சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் குண்டுவீச்சுக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்தோரை இவ்வறிக்கையில் தேடுவது வீண். அவர்கள் தலைமுறையின் குரலைக் கேட்க, 1979ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வாய்மொழி வரலாற்று நிலையத்தின் பதிவுகளையே நாட வேண்டியுள்ளது.