ஹாலோவீன்: மூலம் என்னும் ஆவி

அக்டோபர் 31 இரவைப் பற்றி எழுத வருகிறவர்கள் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். பழைய கெல்டியரின் சௌவின் விழாவில் செத்தவர்கள் திரும்பி வந்தார்களாம். திருச்சபை அதன்மேல் சகல புனிதர் திருநாளைப் போட்டு மூடிவிட்டதாம். சபைக்கு எதிரான கதை என்பதால் நம்மைப் போன்றவர்களுக்குக் கூடுதலாகவே பிடிக்கும். சரி, ஆதாரம்?

சௌவின் இருந்தது உண்மை. மேய்ச்சலுக்குப் போன மாடுகள் திரும்பிவர, குளிர்காலம் தொடங்குகிற நாள் அது. அயர்லாந்தின் மத்தியகாலக் கதைகளில் அன்று மறுவுலகத்தார் வெளியே வருகிறார்கள். ஆனால் அந்தப் பிரதிகளை எழுதிவைத்தவர்கள் கிறித்தவத் துறவிகள். சௌவினைக் கெல்டியப் புத்தாண்டு என்று 19ஆம் நூற்றாண்டில் ஊகித்தவர் ஜான் ரைஸ். இறந்தோர் விழா என்று பரப்பியவர் ஜேம்ஸ் ஃபிரேஸர். 1996இல் ரொனால்ட் ஹட்டன் இந்த ஊகங்களைக் குடைந்து பார்த்தார். 800 வாக்கில் நவம்பர் 1 ஜெர்மானியப் பகுதிகளில் சகல புனிதர் நாளாகியிருந்தபோது, அயர்லாந்துக்காரர்கள் அதை ஏப்ரல் 20இல் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள் என்கிறார். சௌவினை விழுங்கத்தான் சபை தேதி குறித்தது என்றால், அயர்லாந்தில் அல்லவா அது முதலில் நடந்திருக்க வேண்டும்?

மூலம் பற்றிய இந்தச் சொல்லாடல் வாசலில் வந்து நின்ற மனிதர்களை மறைத்துவிடுகிறது. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று சொல்லும் நவம்பர் 2ஐ ஒட்டி, இங்கிலாந்தில் ஏழைகள் வீடுவீடாகப் போய் ஆன்ம அப்பம் வாங்கினார்கள். பதிலுக்கு அந்த வீட்டில் செத்தவர்களுக்காகச் செபித்தார்கள். இதைப் பிச்சை என்று சொல்லிவிட முடியாது. உத்தரிக்கும் ஸ்தலத்தில் கிடக்கும் பணக்காரத் தகப்பனுக்குத் தெருவில் நிற்பவனின் வாய் தேவைப்பட்டது. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் உத்தரிக்கும் ஸ்தலத்தையே ரத்து செய்தது. இறையியல் போச்சு; வாசலுக்கு வந்தவர்கள் போகவில்லை. செஷையர், ஷ்ராப்ஷையர் பக்கம் 19ஆம் நூற்றாண்டிலும் பாடிக்கொண்டு வந்தார்கள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இளவட்டங்கள் வேஷம் கட்டினார்கள், டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றினார்கள். பிடிக்காத வீட்டின் கேட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வேஷத்துக்குள் இருப்பது யாரென்று வீட்டுக்காரனுக்குத் தெரியாது. பேய்ப் பயத்தில் பாதி இந்தப் பயம்தான்.

குடியேறியவர்களோடு இது அமெரிக்கா போனதும் கிழங்கு பூசணியாயிற்று. 1920, 30களில் சேட்டைகள் சொத்துச் சேதமாக முற்றியபோது, பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துத் தின்பண்டம் கொடுத்துச் சமாளித்தார்கள் நகரத்தார். 1947இல் சர்க்கரை ரேஷன் நீங்கியதும் மிட்டாய்க் கம்பெனிகள் புகுந்தன. பழைய மிரட்டல் குழந்தைகளின் வாயில் வாய்ப்பாடாக மிஞ்சியது. பயமும் திசை மாறியது: முகம் தெரியாதவர்கள் மிட்டாயில் விஷம் வைக்கிறார்கள் என்று பெற்றோர் நடுங்கினார்கள். சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி 1985இல் எழுதினார்: அப்படி ஒரு குழந்தை செத்ததாகவோ படுகாயமடைந்ததாகவோ உறுதியான செய்தி ஒன்றுகூட அகப்படவில்லை.

இரண்டாயிரம் வருஷத்துப் பேய்க்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகிறவர்கள், நேற்றுவரை அப்பம் கேட்டு நின்ற கூலிக்காரனுக்கு ஒரு வரி கொடுப்பதில்லை. நாட்டார் வழக்காறுகளை எதிர்க்கலாச்சாரம் என்று கொண்டாடும் நண்பர்கள், தோற்றுவாயைத் தேடிப் புறப்படும் முன் இதையும் கேட்டுவிட்டுப் போகலாம்: கதவைத் தட்டியது யார், திறந்தது யார், திறக்காதவனுக்கு என்ன நடந்தது?