ஈரம் காயும் முன்

ஈரத்தகட்டுப் புகைப்படக்கலையைப் பொழுதுபோக்காகக் கற்பவர்களுக்கு முன்னோடி என்று ஒருவரைச் சொல்வதானால், ஜூலியா மார்கரெட் கேமரனைத்தான் சொல்லவேண்டும். 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகத் தந்த கேமராவோடு தொடங்கியவர் அவர். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த அவர் வீட்டின் நிலக்கரிக் கொட்டடி இருட்டறையானது, கோழிக்கொட்டகை ஸ்டுடியோவானது. அவருடைய தகடுகளில் கைரேகை, கீறல், ரசாயனம் வழிந்த தடம் எல்லாம் உண்டு. அன்றைய புகைப்பட இதழ்கள் அதைக் குறை கூறின. இன்றோ அந்தக் கறைகளை விரும்பியே பலர் இந்த முறைக்கு வருகிறார்கள். என் சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது.

ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட முறை இது. உப்புகள் கலந்த கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலைக் கண்ணாடிமேல் ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில நிமிடம் அமிழ்த்தி, ஈரம் காயும் முன் படமெடுத்து, உடனே இரும்பு சல்பேட்டை ஊற்றி உருவத்தை வரவழைக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். இந்த நெருக்கடியே இதன் பெரிய பலம். 4×5 அங்குல ஃபிலிமில் எடுப்பவர், லென்ஸைத் தவறாகச் சாய்த்துவிட்டதைப் பெரும்பாலும் வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் அறிவார். ஈரத்தகட்டிலோ, ஆள் நாற்காலியை விட்டு எழுவதற்குள் தவறு தெரிந்துவிடும். அடுத்த தகட்டில் திருத்திக்கொள்ளலாம். இவ்வளவு சீக்கிரம் தவறைக் காட்டும் பழைய முறைகள் குறைவு.

ஆனால் கொலோடியனுக்கு நீலமும் புற ஊதாவும்தான் தெரியும். சிவப்பு கறுத்துவிடும், நீலக் கண் வெளிறிவிடும், வெறும் கண்ணுக்குத் தெரியாத தோல்புள்ளிகள் மேலே வரும். மாநிறத் தோலை இது இருப்பதைவிடக் கருமையாகவே காட்டும். கேமரன் 1875இல் இலங்கைக்குப் போய், 1879இல் இறக்கும்வரை அங்கே களுத்துறைக் குடியானவர்களைப் படமெடுத்தார். அந்த முகங்களைப் பார்க்கும்போது, இந்த இருளில் ரசாயனத்தின் பங்கு எவ்வளவு என்றும் கேட்கத்தான் வேண்டும். எதிரே உட்கார்ந்தவரின் முகத்துக்குப் பழங்கால இறுக்கத்தை ரசாயனமே கொடுத்துவிடுகிறது. புதிதாகக் கற்பவர் அதைத் தன் பார்வையின் வெற்றி என்று நினைத்துக்கொள்கிறார்.

கேமரனின் பலம் கறையில் இல்லை. 1867இல் அவர் எடுத்த ஜான் ஹெர்ஷெலின் படத்தைப் பாருங்கள் (படத்தை நிலைப்படுத்தப் பயன்படும் ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819இல் கண்டவர் இதே ஹெர்ஷெல்தான்). இருண்ட பின்னணியில், கலைந்த நரைமுடியோடு, கேமராவுக்கு வெகு அருகில் அந்த முகம். எவ்வளவு நெருங்குவது, எங்கே கூர்மையை விடுவது என்று தீர்மானித்த கண்தான் அங்கே வேலை செய்திருக்கிறது. அது கொலோடியன் புட்டியோடு வருவதில்லை.

ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. கொலோடியனில் உள்ள ஈத்தர் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், எளிதில் தீப்பற்றும்; நம் கோடையில் அதைக் கையாள்வது விளையாட்டல்ல. வெள்ளி நைட்ரேட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தகட்டை நிலைப்படுத்தச் சயனைடு தேடிப் போகவேண்டாம், ஹைப்போ போதும்.

என்னைக் கேட்டால், 4×5 கேமராவை முதலில் வாங்கி, கறுப்பு வெள்ளை ப்ரோமைட் பேப்பரை வெட்டி அதில் போட்டு எடுக்கச் சொல்வேன். அதுவும் மந்தமானது, பெரும்பாலும் நீலத்தையே பார்ப்பது. சிவப்பு விளக்கில் கழுவலாம். கேமராவின் கண்ணாடித் திரையில் தலைகீழாகத் தெரியும் காட்சியில் ஒரு முகத்தைச் சரியாக அமைக்கப் பழகிய பிறகு கொலோடியனுக்குப் போகட்டும்.