ஆசை இட்ட கோடு

தியோகோ ரிபெய்ரோ 1529இல் வரைந்த உலகப்படத்தின் பிரதியொன்று வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. பிறப்பால் போர்த்துகீசியரான இவர், பேரரசர் ஐந்தாம் சார்லஸின் பணியில் இருந்தவர். அரபியர் இஷ்பீலியா என வழங்கிய செவில் நகரில், 1503இல் நிறுவப்பட்ட அரச வணிக மன்றம், மாலுமிகள் கொணர்ந்த செய்திகளைக் கொண்டு உலக மூலப்படத்தைத் திருத்தி வந்தது. ரிபெய்ரோவின் படம் அம்மரபின் சிகரம் எனப் போற்றப்படுகிறது.

அப்புகழ் தகுதியானதே. அமெரிக்காவின் கிழக்குக் கரை வியக்கத்தக்க தெளிவுடன் அமைந்துள்ளது. மாலுமிகள் காணாத வடமேற்குக் கரையோ வரையப்படவே இல்லை. அறியாததை வெறுமையாக விடுவதும் அறிவின் ஒழுக்கமன்றோ!

ஆனால், கிராம்பு விளையும் மலுக்குத் தீவுகளை அடைந்ததும் அவ்வொழுக்கம் தளர்கிறது. 1494ஆம் ஆண்டின் தோர்தெசிலாஸ் உடன்படிக்கைக் கோட்டை உலகின் மறுபுறம் நீட்டினால், அத்தீவுகள் போர்த்துகலின் பங்கில் விழும். ரிபெய்ரோ அவற்றை ஸ்பெயினின் பங்கில் வைத்தார்; பசிபிக் பெருங்கடல் அதற்கேற்பக் குறுகிற்று. கடலில் தீர்க்கரேகையைச் சரியாக அளக்க அன்று வழியில்லை எனச் சிலர் அவருக்காக வாதிடலாம். அறியாமை மட்டுமே காரணமெனில் பிழை இருபுறமும் சாய்ந்திருக்க வேண்டும். 1524இல் பதஹோஸ் எல்லையில் கூடிய இருநாட்டு அறிஞர்களும் தத்தம் மன்னருக்கே தீவுகளை வழங்கிக்கொண்டனர்!

படத்தில் அஸ்தர்லாபும் கால்வட்டக் கருவியும் வரையப்பட்டுள்ளன. அவை முஸ்லிம் அறிஞர்கள் செம்மைப்படுத்தியவை என நாம் பெருமை கொள்வதுண்டு. அப்பெருமை மட்டும் போதாது. ஒரு பாகைக்கு அல்ஃபர்கானீ கூறிய அளவு 56 மைலும் மூன்றில் இரண்டு பங்கும் ஆகும். அந்த அரபு மைலை அதனினும் சிறிய ரோமானிய மைலாகக் கொண்டே கொலம்பஸ் உலகைச் சுருக்கினார். கணக்கு நம்முடையதாயினும், அதைக் கையாண்ட நோக்கம் வேறு.

1521 நவம்பரில் மகல்லனின் எஞ்சிய கப்பல்களைத் திதோர் தீவில் வரவேற்றவர் சுல்தான் அல்மன்சூர். 1529 ஏப்ரலில் சரகோசாவில், மலுக்குவின் மீது தாம் கோரிய உரிமையைச் சார்லஸ் 350,000 டுகாட் பெற்றுப் போர்த்துகலுக்கு விட்டுக்கொடுத்தார். அவ்வுடன்படிக்கையில் திதோர் ஒரு தரப்பாகவே இல்லை.

இப்படத்தின் குறை சில பாகைகளின் பிழையன்று. காணாத கரையை வரையத் தயங்கிய அதே கை, மனிதர் வாழும் தீவுகளை விலைப்பொருளாகக் குறிக்கத் தயங்கவில்லை. வரைபடத்தைப் படிப்போர் கரைகளோடு, அதை வரையப் பணித்தவரின் விருப்பத்தையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.